கைமாறிய பச்சைக் கண்ணாடி

ஹாரியட் வியர்ஸ்மாவுக்குப் பொய் சொல்ல வராது. பிறவியிலேயே அப்படி. ஆறு வயதில் போதகரின் மனைவி சுட்ட கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று அந்த அம்மாள் ஆசையாகக் கேட்டதற்கு, "அடியில கருகியிருக்கு. மேல நல்லா இருக்கு" என்றாள். மேல் பாதியையும் சேர்த்துச் சொன்னதே பெரிய தாட்சண்யம் என்பது அவள் எண்ணம். அவளுடைய அம்மா உயிரோடிருந்தவரை, எந்த விருந்துக்குப் போனாலும் வாசலிலேயே அவள் காதைப் பிடித்து, "கேட்டா மட்டும் பேசு. கேட்டாலும் பாதிதான் பேசணும்" என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போவாள்.

அயோவாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் நியூ ஹார்லிங்கனில் இப்படி ஒரு நாக்கை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்துவிட முடியும்? எல்லாரும் டச்சு வம்சம், எல்லாரும் ஒரே சர்ச்சு, முக்கால்வாசிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாமல் இருந்துதான் இந்த ஊர் இத்தனை காலம் அடிதடி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாரியட் வேதியியல் படிக்கப் போனாள். அங்கே அடியில் கருகியிருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. எவ்வளவு கருகியிருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்கிறார்கள். தனக்கான இடம் கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

போர் வந்ததும் சிகாகோவில் ஒரு ஆய்வுக்கூடம் அவளை எடுத்துக்கொண்டது. என்ன வேலை என்று பெற்றவர்களிடம்கூடச் சொல்லக்கூடாது என்றார்கள். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு இருந்த ஒரே வழி ஊருக்கே வராமல் இருப்பது. அம்மா இறந்தபோது வந்தாள், சவ அடக்கம் முடிந்த கையோடு ரயிலேறிவிட்டாள். ஊர் கண்டபடி பேசியது. அப்பா கெரிட், கூட்டுறவுப் பால் நிலையத்தில் வெண்ணெய் எடுப்பவர், கேட்டவர்களுக்கெல்லாம் "மருந்துக் கம்பெனியில தூள் நிறுக்குறா" என்று சொல்லிச் சமாளித்தார். உண்மையில் அவள் அங்கே வேலை செய்பவர்களின் கைகளையும் செருப்புகளையும் ஒரு பெட்டியை வைத்து அளந்துகொண்டிருந்தாள். கதிரியக்கம் பக்கத்தில் வந்தால் அந்தப் பெட்டி டிக் டிக் என்று சத்தமிடும். சத்தம் கூடினால், "நீ இன்னிக்கு வீட்டுக்குப் போ" என்று ஆளை அனுப்பிவிடுவது அவள் பொறுப்பு.

ஜப்பானில் இரண்டு ஊர்கள் எரிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்த அன்றே ஊர் தலைகீழாக மாறிவிட்டது. வாயில் வந்ததைப் பேசியவர்கள் எல்லாம் பால் நிலையத்துக்கு வந்து கெரிட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நம்ம ஹாரியட்டு போரை முடிச்சு வச்சிட்டா!" என்றார்கள். சிகாகோவில் ஹாரியட் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். டிக் டிக் கொஞ்சம் கூடினாலே அவள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியவள். அங்கே அந்த ஊர்களில் யார் யாரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், போக வீடுதான் ஏது என்று நினைத்து நினைத்து அழுதாள்.

அவள் மட்டுமல்ல. அந்த இலையுதிர் காலத்தில், மேசையை விட்டுத் தலை நிமிராத மனிதர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். சங்கம் வைத்தார்கள். வாஷிங்டனில் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் நான்காவது மாடியில், ஆளுக்கொரு நாற்காலிகூட இல்லாத ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். ஹாரியட்டும் அங்கே போய்வந்தாள். அணுவை இனி யார் கையில் கொடுப்பது என்று நாடாளுமன்றச் சபையில் சட்டம் வரப்போகிறது. சீருடைக்காரர்கள் கையில் கொடுத்தால் ரகசியம் ரகசியம் என்று பூட்டிவைத்துக்கொண்டு இன்னும் இன்னும் செய்வார்கள், அதைப் பார்த்து மற்ற தேசங்களும் செய்யும், பிறகு உலகத்தில் ஒருவனும் நிம்மதியாகத் தூங்க முடியாது. சாதாரணக் குடிமக்களின் குழுவிடம் கொடுங்கள், எல்லாத் தேசங்களும் சேர்ந்து இதற்கு ஒரு கடிவாளம் போடட்டும். இதுதான் அவர்கள் கேட்டது. கேட்கத்தான் முடிந்தது, பாவம். சூத்திரம் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு வாங்கத் தெரியவில்லை.

அந்த அறையில் சால் பிராட்கின் என்று ஒருவன் இருந்தான். புரூக்ளின்காரன், இயற்பியல் படித்தவன், வாயைத் திறந்தால் மூடமாட்டான். யாரை எந்த ஊருக்குப் பேச அனுப்புவது என்பது அவன் வேலை. ஹாரியட்டின் தாய்மாமா ஹெர்மன் போஸ்கர் எங்கள் தொகுதியின் சபை உறுப்பினர் என்று கேள்விப்பட்டதும் அவன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். அவன் எழுந்ததுமே இன்னொருவர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றான். "உங்க மாமா ரெண்டு பக்கமும் சாயாம நடுவுல நிக்கிறாரு. அவரு சாஞ்சா அந்தப் பக்கத்துக் கிராமத்து உறுப்பினருங்க நாலஞ்சு பேரு கூடவே சாய்வாங்க. அவரு வேணும் எங்களுக்கு."

"மாமாகிட்ட நான் பேசிட்டேன்" என்றாள் ஹாரியட்.

"என்ன சொன்னாரு?"

"'நான் விஞ்ஞானி இல்லம்மா, மாட்டுத்தீவனம் வித்தவன். ஊரு பயந்தா நானும் பயப்படுறேன். வந்து ஊருக்குச் சொல்லு'ன்னாரு."

"அப்புறம் என்ன? போய்ப் பயமுறுத்து!"

அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஈயத்தகடு உள்ளே வைத்த ஒரு தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தான். அதில் பச்சையாக ஒரு கண்ணாடித் துண்டு. பாலைவனத்தில் முதல் குண்டை வெடித்துப் பார்த்தபோது மணல் உருகிக் கண்ணாடியாகிவிட்டது. அங்கே வேலை செய்த நண்பர்கள் அதைப் பொறுக்கி, பேசப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு அனுப்பியிருந்தார்கள். பேச்சைக் கேட்டுப் பயப்படாதவர்கள் இதைப் பார்த்தாவது பயப்படட்டும் என்று.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றான் சால். "இது ஆபத்தான்னு எவனாவது கேட்டா, பதில் சொல்லாத."

"கேட்டா எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

"இருமு. தண்ணி குடி. மயங்கி விழு. பொய் சொல்லுன்னு நான் சொல்லலை ஹாரியட். எல்லா உண்மையையும் சொல்லியே ஆகணும்னு இங்க யாரு அழுதா?"

சொல்லமாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள்.

மே மாதம் ஊருக்கு வந்தாள். சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் கூட்டம். ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் மாமா, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் அவர் மகள் வில்மா, வில்மாவின் மடியில் ஐந்து வயது லோயிஸ். அப்பா பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்தால் பெருமை அடங்காது என்பதுபோல.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவர் பையிலிருந்து புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை எடுப்பார். அது சத்தமில்லாமல் கைமாறிக் கைமாறி அடுத்த ஓரத்துக்குப் போய்ச்சேரும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கண் போதகர்மேல்தான் இருக்கும், கை மட்டும் நீளும். பாவம், மரணம், நரகம் என்று அவர் மேலே இடிமுழக்கம் செய்துகொண்டிருக்கும்போது கீழே நாங்கள் புதினா மிட்டாய் சப்பிக்கொண்டிருப்போம். நரகத்தையே நாற்பது வருஷமாக அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறோம். ஹாரியட் இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவள் நன்றாகத்தான் பேசினாள். ஒரே குண்டில் ஒரு நகரம் போனதைச் சொன்னாள். இந்த ரகசியம் சில வருஷங்களில் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும், அதைப் பூட்டிவைக்க முடியாது என்றாள். "இதுக்குத் தடுப்பே கிடையாது" என்றாள். வில்மா மகளை இறுக்கி அணைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். மாமா குனிந்து தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். ஊர் பயப்படத் தொடங்கியிருந்தது. அவளால் நம்பவே முடியவில்லை.

அப்போது டப்பாவைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வைப்பதாகத்தான் திட்டம். ஆனால் முதல் பெஞ்சு ஓரத்தில் இருந்த விவசாயி, கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார். நீட்டிய கையில் கொடுப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூச்சு விடுவதுபோல. அவள் கொடுத்துவிட்டாள்.

கண்ணாடி புறப்பட்டது. ஒரு கை, அடுத்த கை, அதற்கடுத்த கை. ஒருவர் மோந்து பார்த்தார். இரண்டாவது பெஞ்சில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் வாய்க்கே கொண்டுபோய்விட்டார், அவர் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டு பெஞ்சுகளைச் சுற்றி அது மறுபடி முன்னால் வந்து, லோயிஸின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. குழந்தை அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அழகா இருக்கும்மா" என்றது.

வில்மா துள்ளி எழுந்தாள். "ஹாரி! குழந்தை கையில இருக்கே! ஏதாவது ஆயிடுமா?"

ஹாரியட் இருமினாள். மேசைமேல் தண்ணீர் டம்ளர் இருந்தது, அதை எடுத்தாள். சால் சொன்ன எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் எதிரே வில்மா நின்றாள், பெற்ற குழந்தையைப் பிடித்துக்கொண்டு. அந்தத் துண்டை அவள் சிகாகோவிலேயே அளந்திருந்தாள். பதில் அவளிடம் இருந்தது. பதிலை வைத்துக்கொண்டு ஒரு தாயைத் தவிக்கவிடுவது எப்படி?

"இல்ல வில்மா. இத்தனூண்டு துண்டை இவ்வளவு நேரம் கையில வச்சிருந்தா ஒண்ணும் ஆகாது" என்றாள்.

கூடம் முழுவதும் ஒரே பெருமூச்சு. அந்த மூச்சோடு பயமும் வெளியே போய்விட்டது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன, ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஹாரியட் பதறிப்போய், கூடவே கொண்டுவந்திருந்த அளக்கும் பெட்டியை எடுத்தாள். அதைக் கண்ணாடியின் பக்கத்தில் வைத்ததும் டிக், டிக் டிக் என்று சத்தம் வந்தது. "கேளுங்க, இது இன்னும் சாகலை" என்றாள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து முன்னால் ஓடி வந்தார்கள். ஒருவன் தன் மூக்கை அளக்கச் சொன்னான்.

மாமா எழுந்தார். ஊருக்கு நல்லவர், குரல் பெரியது. "ஏம்மா ஹாரி, இருட்டுல மினுங்குற வாட்ச்சுலயும் இந்தச் சமாச்சாரம் இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டு மணிக்கட்டை நீட்டினார். ஹாரியட் பெட்டியை வாட்ச்சிடம் கொண்டுபோனாள். பெட்டி வெறிபிடித்ததுபோல அடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வந்த சத்தமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"எது ஜாஸ்தி?" என்றார் மாமா.

"வாட்ச்தான் மாமா."

"ஐயோ, இருவது வருஷமா குண்டைக் கையிலயே கட்டிக்கிட்டுத் திரியுறேனே! எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்கப்பா!"

கூடம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்கள். ஹாரியட் கையை உயர்த்தினாள். "ஆபத்து இந்தக் கண்ணாடியில இல்ல. மணலை இப்படி உருக்கினது எது, அதுலதான் இருக்கு. அது மேல விழுந்தா நாம அளக்கிறதுக்குக்கூட இருக்க மாட்டோம்" என்று சொன்னாள். சத்தியமாகச் சொன்னாள். ஆனால் அதற்குள் பின்பக்கக் கதவு திறந்து காபி வந்துவிட்டது. கோப்பைகள் மோதும் சத்தத்தில், அவள் சொன்னதிலேயே முக்கியமான வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. பாதாம் கேக்கும் வந்திருந்தது. அன்றைக்குக் கருகவில்லை.

கூட்டம் முடிந்து மாமா கெரிட்டின் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் டப்பா இருந்தது. "இதை எனக்குத் தர்றியா?" என்றார்.

அப்பா முந்திக்கொண்டார். "எடுத்துக்க மச்சான். எம் பொண்ணு கொடுத்ததுன்னு வாஷிங்டன்ல நாலு பேருக்குக் காட்டு."

ஹாரியட் தடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் ஒரு நப்பாசை. மேசைமேல் இது இருந்தால், ஓட்டுப் போடப் போகும் நாளில் ஒருமுறையாவது கண்ணில் படாதா? "மேசையில வையுங்க மாமா. உடம்புல போட்டுக்காதீங்க" என்றாள். சரி சரி என்றபடியே அவர் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

ஜூலையில் சட்டம் ஓட்டுக்கு வந்தது. அணுவை ஆளும் குழுவில் ராணுவ அதிகாரியும் உட்கார வேண்டும் என்று ஒரு திருத்தம். ஹாரியட்டும் சாலும் பார்வையாளர் மாடத்தில் விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று மனம் அடித்துக்கொண்டது.

மாமா பேச எழுந்தார். கழுத்துப் பட்டையில் பச்சையாக ஏதோ மின்னியது. நகைக்கடையில் கொடுத்து டை பின்னாகச் செய்துகொண்டிருந்தார்.

"என் சொந்தத் தங்கச்சி மக இந்த வேலையில இருந்தவ" என்று அவர் ஆரம்பித்தார். "பொய்யே சொல்லத் தெரியாத பொண்ணு. எங்க சர்ச்சுல, ஊருக்கு முன்னால, இந்தக் கண்ணாடியைக் கையில வச்சிருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா. என் வாட்ச்சு இதைவிட மோசம்னும் சொன்னா. சில பேரு நம்மளை ராத்திரி தூங்கவிடாமப் பயமுறுத்துறாங்க. நான் என் மருமகளை நம்புறேன்." சபை சிரித்தது, சிலர் மேசையைத் தட்டினார்கள். அவர் திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அவரைப் பார்த்து அந்த நாலைந்து பேரும் போட்டார்கள்.

சால் திட்டவில்லை. "உங்க மாமா நல்லாப் பேசுறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு விசிறியை மடித்துப் பையில் வைத்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

நடைகூடத்தில் மாமா அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வா வா, சாப்பிட்டியா? இங்க பீன்ஸ் சூப்பு பிரமாதமா இருக்கும்."

"மாமா, நான் சொன்னதுல பாதியைத்தான் சொன்னீங்க."

"மீதியை நீ சொல்றப்ப காபி வந்துடுச்சேம்மா" என்றார் அவர். அதில் ஒரு துளி வஞ்சகம் இல்லை. உண்மையிலேயே அவருக்குக் கேட்டிருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்த மீதியை அவள் சொன்னாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், இடையில் அவள் தட்டுக்கு ரொட்டியை எடுத்து வைத்தார், கடைசியில், "நீ ரொம்ப இளைச்சுட்டே ஹாரி. ஊருக்கு வந்துடேன்" என்றார். அவள் சூப்பைக் குடித்தாள். சூப்பு நன்றாகத்தான் இருந்தது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு அதையும் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் கடைசியில் எப்படியோ குடிமக்கள் குழுவின் பக்கமே முடிந்தது. மேல்சபையும் கீழ்ச்சபையும் உட்கார்ந்து பேசியதில் அந்தத் திருத்தம் உதிர்ந்துபோனது. நான்காவது மாடியில் பழரசம் ஊற்றிக் கொண்டாடினார்கள். ஆனால் அதே ஜூலையில் பசிபிக் தீவொன்றில் புதுக் குண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். எல்லாத் தேசமும் சேர்ந்து போடவேண்டிய கடிவாளப் பேச்சு, பேச்சாகவே இழுத்து இழுத்துச் செத்தது. பிறகு அந்தக் குடிமக்கள் குழுவே குண்டு செய்யச் சொன்னது. சீருடை இல்லாதவர்கள் செய்யச் சொன்னாலும் குண்டு குண்டுதானே.

ஹாரியட் சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு அளக்கும் வேலைக்குப் போனாள். வாரம் ஒரு மாலை பெண்கள் சங்கம், ஆசிரியர் சங்கம், எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசினாள். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று பயங்கரமாகப் பேசிப் பழகியும் பார்த்தாள். 'எல்லாரும் சாகப்போகிறோம்' என்று ஆரம்பித்தால், 'இன்னும் சரியாகக் கணிக்க முடியவில்லை' என்று நாக்கு தானாகச் சேர்த்துக்கொள்ளும். கேட்பவர்கள் அந்தப் பின்பாதியைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ரஷ்யர்களும் குண்டு வெடித்தார்கள். நான்காவது மாடி அறையில் நாற்காலிகள் எல்லாருக்கும் போதுமானவையாகிவிட்டன, ஆட்கள் அவ்வளவு குறைந்துபோனார்கள். சால் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, குண்டு செய்யும் பாலைவன ஆய்வுக்கூடத்துக்கே வேலைக்குப் போகிறேன் என்றான்.

"வெளிய நின்னு கத்தினா கேக்கலை. உள்ள போய்ப் பாக்குறேன்" என்றான்.

"உள்ள போனா கேப்பாங்களா?"

"தெரியலை. உனக்குத்தான் பொய் பிடிக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டான். அன்று அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு இல்லாமல் இருந்தது.

ஐம்பதாம் வருஷம் ஜனவரிக் குளிரில் அப்பா இறந்துபோனார். அவரை அடக்கம் செய்த வாரம்தான், முன்னதைவிடப் பல மடங்கு பெரிய குண்டைச் செய்யப்போகிறோம் என்று ஜனாதிபதியின் அறிவிப்பு ரேடியோவில் வந்தது. அடுத்த ஞாயிறு ஹாரியட் சர்ச்சுக்குப் போனாள். வில்மா இடம் ஒதுங்கி உட்காரவைத்தாள். நடுவில் லோயிஸ், ஒன்பது வயது, பல் விழுந்து முளைத்திருந்தது. கோட்டைக் கழற்றியபோது அவள் கழுத்துச் சங்கிலியில் பச்சையாக ஒரு பதக்கம் தொங்கியது.

நகைக்கடைக்காரன் டை பின்னுக்கு வெட்டியதில் மிச்சமான துண்டு. தாத்தா பேத்திக்குச் செய்துபோட்டிருந்தார்.

"வில்மா, அதைக் கழட்டிடு" என்று ஹாரியட் கிசுகிசுத்தாள். "தினம் உடம்புல படுற மாதிரி போடக்கூடாது. நான் மாமாகிட்ட அன்னிக்கே சொன்னேன்."

"அடிப்போடி. நாலு வருஷமாப் போட்டிருக்கா, ஒரு சிரங்குகூட வரலை."

"நல்லதில்ல வில்மா. தயவுசெஞ்சு."

வில்மா திரும்பிப் பார்த்தாள். கேலியில்லை, குழப்பம்தான். "ஹாரி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே சொன்னே? இதே சர்ச்சுல, என் மூஞ்சியைப் பாத்து. அப்ப அது பொய்யா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதக்கம் அந்த நிமிஷமே கழன்று குப்பைக்குப் போகும். வில்மா அதை மற்றவர்களிடம் சொல்வாள், ஊர் மறுபடி பயப்படும், மாமாவும்கூட ஒருவேளை பயப்படுவார். ஒரே ஒரு பொய். ஹாரியட் வாயைத் திறந்தாள். அந்தத் துண்டு இந்த நாலு வருஷத்தில் இன்னும் வலுவிழந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதக்கத்தால் லோயிஸுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தெரியும். குழந்தைக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது, அதைக் கழுத்திலிருந்து கழற்றிப் போட முடியாது. அதைத்தான் அவள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல" என்றாள். "அதுவும் உண்மைதான்."

வில்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அப்பா போன துக்கத்துல இருக்கே நீ. மனசைப் போட்டு அலட்டிக்காதே."

போதகர் பிரசங்க மேடையில் ஏறினார். பெஞ்சின் ஓரத்திலிருந்து புதினா மிட்டாய்ப் பொட்டலம் புறப்பட்டது. எல்லார் கண்ணும் மேலே, கை மட்டும் நீண்டது. வில்மா வாங்கி லோயிஸிடம் கொடுத்தாள். லோயிஸ் பதக்கத்தைத் திருகிக்கொண்டிருந்த விரல்களாலேயே ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு, பொட்டலத்தை ஹாரியட்டிடம் நீட்டினாள். நீட்டியவள் காதோரம் வந்து கிசுகிசுத்தாள்.

"அத்தை, பெரிய குண்டு செய்யப்போறாங்களாமே. ரேடியோவுல சொன்னாங்க. அதுலயும் இந்த மாதிரி கண்ணாடி வருமா?"

"மணல் மேல வெடிச்சா வரும்" என்றாள் ஹாரியட்.

"இதைவிடப் பெருசாவா?"

"ரொம்பப் பெருசா."

லோயிஸின் முகம் மலர்ந்தது. ஹாரியட் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைப் பக்கத்தில் நீண்டிருந்த கையில் கொடுத்தாள்.